அழித்து எழுதும் வட்டு

17.1.1988

சின்னவளுக்கு,

போனை எடுக்கிறாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும். அந்த நாலு வரி போதும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். நாலு வரியில் நிறுத்த எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும்.

முதலில் வீட்டு விஷயம். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். உன் அண்ணன் இப்போதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். "ஏன் அங்க போய் உக்காரறீங்க?" என்று கேட்டால், "வெளிச்சம் நல்லா இருக்கு" என்கிறார். அந்த ஜன்னலை எதிர்வீட்டுச் சுவர் மறைத்துக்கொண்டிருக்கிறது. மனிதருக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

இனி வேலை. ஸ்கேன் படங்களைப் பதிந்து வைக்க நம் லேசர் வட்டுகளை வாங்கப்போகும் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் டாக்டரம்மா போன வாரம் தொழிற்சாலைக்கு வந்திருந்தார். அவர்களுடைய பழைய படங்கள் ஒரு கிடங்கை நிரப்பிவிட்டு இப்போது மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கின்றனவாம். பூச்சு அறையின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எழுதறதும் அழிக்கறதும் எப்படிம்மா?"

"உலோகம் மாதிரி ஒரு மெல்லிய படலம் பூசறோம் டாக்டர். லேசரை ஒரு புள்ளியில பளிச்சுனு அடிச்சா அந்த இடம் உருகிடும். சட்டுனு ஆறிடறதால அணுக்களுக்கு வரிசையில நிக்க நேரமே கிடைக்காது. தாறுமாறா உறைஞ்சிடும். அந்தப் புள்ளி மங்கலாத் தெரியும். அதுதான் எழுத்து. அழிக்கணும்னா, உருகாத அளவுக்கு இதமாச் சூடு காட்டணும். அணுக்கள் திரும்ப வரிசைக்கு வந்து நிக்கும். புள்ளி பழையபடி பளபளன்னு ஆயிடும்."

"ஸ்கூல் மணி அடிச்சா பிள்ளைங்க நிக்கற மாதிரி" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எழுதினதை எவ்வளவு நாள் ஞாபகம் வச்சிருக்கும்? ஒருத்தர் ஆறு மாசம் கழிச்சு வருவாங்க. பழைய படத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் கட்டி வளந்திருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியும். அது போச்சுன்னா குத்துமதிப்பாத்தான் சொல்லணும். அதை நான் செய்ய மாட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நம் மேலாளர் 'அவசரம்' முந்திக்கொண்டு, "பத்து வருஷம் டாக்டர், பத்து வருஷம்!" என்றார். அவர் மாறவே இல்லை. நேற்று டீ கொண்டுவரச் சொன்னதைக்கூட அர்ஜென்ட் என்றுதான் சொன்னார்.

பிரச்சினை உனக்குத் தெரிந்ததுதான். முதல் சில நூறு தடவை எழுதி அழிக்கும்வரை வட்டு தங்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் படிக்கும்போது பிழைகள் ஈசல் மாதிரி கிளம்புகின்றன. அன்று கூட்டத்தில் நான் சொன்னதும் அதுதான். "இந்தப் படலம் மறக்குது. காரணம் தெரியாம வெளியே அனுப்பக் கூடாது." நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அந்த வாரமே அந்தப் பல்கலைக்கழக வேலையை ஒப்புக்கொண்டு, பெட்டியையும் கட்டிவிட்டாய்.

படலம் நீ பெற்ற பிள்ளை. உன்னைவிட அதை அறிந்தவர் கிடையாது. உன் புது இடத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது, எங்களிடம் இல்லை. கெட்டுப்போன வட்டுகளைத் துண்டாக்கிப் பஞ்சில் சுற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல். என்மேல் கோபமாகவே இரு. கோபமாகப் பார்த்தாலும் மைக்ராஸ்கோப்பில் தெரிவதுதான் தெரியும்.

அண்ணி


2.2.1988

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

கடிதமும் பார்சலும் கிடைத்தன. கடிதத்தைப் படித்தேன். பார்சலைப் பிரிக்கவில்லை.

கூட்டத்தில் என் படலத்தைக் குறை சொன்னதால் நான் கோபித்துக்கொண்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதற்காக இல்லை. கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நாம் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட உட்காரும்போதே உங்களுக்கு முடிவு தெரியும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றீர்கள். "நாளைக்கு அந்த நீலத்தை உடுத்திக்கோ, உனக்கு எடுப்பா இருக்கும்" என்றீர்கள். இதை மட்டும் சொல்லவில்லை. நான் நீலத்தை உடுத்திக்கொண்டுதான் வந்தேன். எல்லார் முன்னாலும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அதே நீலத்தில்தான். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

என் படலம் மறக்காது. ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் மூன்றையும் எந்த அளவில் கலந்தால் எது நடக்கும் என்று நாலு வருடம் அதனோடுதான் குடித்தனம் செய்தேன். நான் அறிந்தவரை இவ்வளவு வேகமாக அழியும் படலம் வேறு எவரிடமும் இல்லை. அக்டோபர் மாநாட்டில் அதைத்தான் பேசப் போகிறேன். தலைப்பே அதுதான். உங்கள் பூச்சு அறையில் ஏதோ கெடுகிறது. அங்கே தேடுங்கள்.

இங்கே எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பி வழியும் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். பூச்சு எந்திரம் ஒரு கிழம். அதன் பம்பு எனக்கு முன்னால் இருந்தவர்களை எல்லாம் பார்த்து இருமியதுபோல என்னைப் பார்த்தும் இருமுகிறது. ஆனாலும் எந்த நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

அண்ணனுக்கு வெளிச்சம் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


11.2.1988

சின்னவளே,

உன் 'மதிப்பிற்குரிய'வைப் படித்துவிட்டு உன் அண்ணன், "யாருக்கோ வந்த லெட்டர் மாறி நம்ம வீட்டுக்கு வந்திடுச்சு போல" என்றார். அவர் முகம் தொங்கிப் போய்விட்டது. அன்றைக்கு யாருடைய பல்லையோ பிடுங்கும்போது கொஞ்சம் வேகமாகவே பிடுங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டது நியாயம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆமாம், அந்த மேஜையில் உட்காரும்போதே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "அண்ணி, ஒரே ஒரு வாரம் குடுங்க, நான் பாத்துச் சரி பண்ணிடறேன்" என்று கேட்டிருப்பாய். நான் கொடுத்திருப்பேன். ஊரில் எவர் கேட்டாலும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். உன்னிடம் மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. அந்த ஒரு வாரத்துக்குள் 'அவசரம்' பெட்டி கட்டி அனுப்பியிருப்பார். வாசலில் லாரி நின்றது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் நீ கேட்பதற்கு வழியே இல்லாமல் செய்தேன். இன்றைக்கு அதே மேஜை, அதே லாரி என்றாலும் அதையேதான் செய்வேன். நீலத்தை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

இங்கே என் நிலைமை. வட்டுகளுக்கு நான் கையெழுத்துப் போட மறுத்ததால், என் அறையை எடுத்துக்கொண்டார்கள். "உங்களுக்குத் தனி ரூம் எதுக்கு மேடம்? எப்பவும் மெஷின்கிட்டதானே நிக்கறீங்க" என்று 'அவசரம்' தேனொழுகச் சொன்னார். இப்போது பம்புக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. பேசுவது எதுவும் காதில் விழுவதில்லை. அதில் ஒரு வசதியும் இருக்கிறது, அவர் பேசுவதும் விழுவதில்லை. கையெழுத்து மட்டும் இன்னும் என்னுடையதுதான் வேண்டும். அதுவரை ஒரு வட்டும் வாசல் தாண்டாது.

நேற்று பூச்சு அறையின் உள்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். முகமூடியையும் மீறி டெல்லூரியம் உள்ளே போயிருக்கிறது. காலையிலிருந்து பேசினால் பூண்டு நாற்றம். பல் டாக்டர் வீட்டில் இப்படி ஒரு வாய்! உன் அண்ணன் இரண்டடி தள்ளி நின்றுதான் குடும்பம் நடத்துகிறார்.

பார்சலைப் பிரி. பிரிக்கும்வரை வாரத்துக்கு ஒரு பார்சல் வரும். கட்டில் போட இடமில்லாமல் போனால் என்னைக் கேட்காதே.

அண்ணி


6.3.1988

அண்ணிக்கு,

உங்கள் மூன்றாவது பார்சலைக் கொடுக்கும்போது தபால்காரர், "உடைஞ்ச கண்ணாடியாம்மா? ஆட்டினா சலசலங்குது, கை கிழிச்சிடுமோன்னு பயமா இருக்கு" என்றார். அவருக்காகத்தான் பிரித்தேன். உங்களுக்காக இல்லை.

ஒரு வாரம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை. முதலில் படலத்தைப் பார்த்தேன். மூன்று தனிமமும் நான் சொன்ன அளவிலேயே இருக்கின்றன. ஆயிரம் தடவை உருகி உறைந்த இடத்திலும் பிரிந்து போகவில்லை. ஒன்றும் ஒழுகிப் போகவில்லை. என் பிள்ளை ஒழுங்காகத்தான் இருக்கிறது, அண்ணி!

அப்புறம் அதன் இரண்டு பக்கமும் பார்த்தேன். படலத்தைக் காப்பதற்காக மேலும் கீழும் பூசுகிறீர்களே துத்தநாக சல்ஃபைடு, அந்த அடுக்கு. பூசியபோது மாவு மாதிரி நைசாக இருந்திருக்கும். லேசர் பட்டுப் பட்டு இப்போது கற்கண்டு மாதிரி கட்டி கட்டியாக வளர்ந்து நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட படலத்தை அது இரண்டு பக்கமும் நெருக்கி, மேடு பள்ளமாக்கிவிட்டது. எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. எழுதின தாள்தான் கசங்கிவிட்டது.

மறந்தது என் படலம் இல்லை. கெட்டது உங்கள் அடுக்கு. படங்களை இணைத்திருக்கிறேன். அண்ணனிடமும் காட்டுங்கள். 'அவசர'த்திடமும் காட்டுங்கள். முடிந்தால் அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லாரிடமும் காட்டுங்கள்.

நாத்தனார்


15.3.1988

பார்த்தேன். என் அடுக்குதான்.

எல்லாரிடமும் காட்டிவிட்டேன். கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொல்லி, நானே எழுந்து நின்று சொன்னேன். 'அவசரம்' வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

இப்போது சரி செய்ய வேண்டும்.

அண்ணி

பி.கு. இவ்வளவு சந்தோஷப்பட வேண்டாம்.


20.4.1988

சின்னவளே,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? எழுத ஒன்றும் இல்லை. அடுக்கை மெல்லிசாகப் பூசினேன். தடிப்பாகப் பூசினேன். மெதுவாகப் பூசினேன். வட்டைக் குளிரவைத்துப் பூசினேன். எப்படிப் பூசினாலும் ஆயிரம் தடவை எழுதி அழித்ததும் அதே கற்கண்டு. 'அவசரம்' தினமும் வந்து, "வேற கம்பெனிக்காரங்க எல்லாம் இதேதான் மேடம் பூசறாங்க" என்றார். "அப்ப அவங்களுக்கும் இதேதான் சார் நடக்கும்" என்றேன்.

போன வாரம் உன் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே யாரோ ஒரு நோயாளியைப் பற்றிப் புலம்பினார். வேறெங்கோ மட்டமாக அடைத்த பல்லாம், அடைப்பு சுருங்கிக் கழன்று வந்துவிட்டதாம். "வெறும் பசையை வச்சா அப்படித்தான். கண்ணாடித் தூளை நல்லாக் கலந்து வச்சா, அது பாட்டுக்கு அங்கங்க நின்னுக்கிட்டு எதையும் நகர விடாது" என்றார். என் கை பாதியில் நின்றது. "என்னம்மா, பல்லு வலிக்குதா?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

பல் அடைப்பும் நம் அடுக்கும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் நான் இத்தனை நாளும் கட்டியை எப்படிக் கரைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டி சேரவிடாமல் நடுவில் யாரையாவது நிறுத்தி வைப்பது என்று யோசிக்கவில்லை. துத்தநாக சல்ஃபைடோடு சிலிகாவைக் கலந்து, இரண்டையும் ஒன்றாக அழுத்தி வில்லை செய்து, எந்திரத்தில் வைத்துப் பூசினேன். முதல் வில்லை உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது நின்றது. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே சிலிகா இருந்தால் அடுக்கு கண்ணாடி மாதிரியே கிடக்கிறது. ஆயிரம் தடவைக்கு அப்புறமும் பிழை ஏறவில்லை. இரண்டாயிரம் தாண்டியும் ஏறவில்லை. பம்புச் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

புது வட்டுகள் இந்தப் பார்சலில். என் பேச்சை நம்பாதே. நீயே உடைத்துப் பார்.

உன் அண்ணன் இந்த ஒரு வாரமாக நடக்கும் நடையைப் பார்க்க வேண்டும். வருகிறவர்களிடம் எல்லாம், "விஞ்ஞானத்துல நானும் கொஞ்சம் கை வச்சிருக்கேன்" என்கிறார். அவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பதால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

அண்ணி


12.5.1988

அண்ணி,

உடைத்துப் பார்த்தேன். உங்கள் அடுக்கு அசையவே இல்லை. இவ்வளவு அழகான ஒன்றை நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரொம்ப நாளாகிறது. அண்ணனை இன்னும் ஒரு வாரம் அப்படியே நடக்க விடுங்கள்.

இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்க முடியவில்லை.

உங்கள் டாக்டரம்மா கேட்ட கேள்வி எனக்குள் நின்றுகொண்டே இருந்தது. எத்தனை தடவை எழுதலாம் என்று அவர் கேட்கவில்லை. எழுதியது எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டார். அதனால் நீங்கள் அனுப்பிய வட்டுகளில் ஒரே ஒரு தடவை எழுதி, சூட்டடுப்பில் வைத்தேன். அந்தச் சூட்டில் ஒரு நாள் இருந்தால் வெளியில் பல வருடம் இருந்ததற்குச் சமம். எடுத்துப் பார்த்தால், எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. யாரும் அழிக்கவில்லை. லேசரே படவில்லை. தானாகவே அழிகிறது.

அடுக்கு சரி. எந்திரம் சரி. இது என் படலம்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. வேகமாக அழிய வேண்டும், வேகமாக அழிய வேண்டும் என்று ஆன்டிமனியின் பக்கமே தள்ளித் தள்ளிக் கொண்டுபோனேன். கூப்பிட்டதும் வரிசைக்கு ஓடிவரும் அணுக்கள். இப்போது கூப்பிடாமலே ஓடி வருகின்றன. முதலில் நம்பவில்லை. இரண்டாம் தடவையும் வைத்தேன். அதையும் நம்பாமல் மூன்றாம் தடவை வைத்தேன். அப்புறம் நம்பினேன்.

மூன்று நாள் எந்திரத்தின் பக்கமே போகவில்லை. நாலாவது நாள் போய்ப் புதுக் கலவை செய்தேன். ஜெர்மானியத்தின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் எழுத்து இன்னும் கெட்டியாக நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் வேகம் குறைகிறது. ஒரு இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். சூட்டடுப்பில் அசையாமல் இருக்கிறது. ஆனால் இப்போது வேறு பயம். அழிக்கும்போது முழுசாக அழியுமா, பழையதன் நிழல் அடியில் தங்கிவிடுமா? இங்கே அழிகிறது. ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் ஓடும் எந்திரத்தில் அழியுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் பேச்சை வாபஸ் வாங்கிவிட்டேன். தலைப்பு பொய்யாகிவிட்ட பேச்சைப் பேச எனக்குத் தெரியாது. இங்கே துறைத் தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அடுத்த வட்டுகளுக்கு இந்தக் கலவைதான். அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதுவரை பழைய வட்டு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. பிடித்த பிடியை விட்டுவிடாதீர்கள்.

சின்னவள்


3.6.1988

சின்னவளே,

போய்விட்டன. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பதறாமல் படி.

இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போனால் அலமாரியில் ஒரு தட்டு காலி. வாசல் காவலாளியைக் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி போச்சுங்களே மேடம். உங்க கையெழுத்து வேண்டாம்னு சார் சொல்லிட்டாரே" என்றார். பஸ்ஸைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா ஒரு வட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எழுத ரொம்பத் திணறுது, நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் நான் கீறிய சோதனைக் குறி. ஆயிரக்கணக்கான தடவை எழுதி அழித்து ஓய்ந்துபோன வட்டு அது! குப்பைக்குப் போக வேண்டியதற்குப் புது உறை மாட்டி அனுப்பியிருக்கிறார்.

"டாக்டர், இதுல நோயாளிங்க படம் ஏத்திட்டீங்களா?"

"முந்தாநாள்லருந்து ஏத்திக்கிட்டுத்தான் இருக்கோம்."

"பிலிம்லயும் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"பாதிப் பேருக்குத்தான். வட்டே போதும், பிலிம் எதுக்கு வீண்னு உங்க மேலாளர்தான் சொன்னார்."

நான் சொன்னேன்: "இந்த வட்டை நம்பாதீங்க. இப்பவே எல்லாத்தையும் பிலிம்ல எடுத்திடலாம். நான் கூடவே உக்காந்து எடுத்துத் தரேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். ஒவ்வொரு படமாக வட்டிலிருந்து படித்து பிலிமுக்கு மாற்றினோம். வெளியே பெஞ்சில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரே ஒரு படம் மட்டும் வரவில்லை. ஒரு பெண்ணின் கழுத்து. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. லேசரைக் கூட்டினேன், குறைத்தேன், வட்டைத் துடைத்தேன், வேகத்தைத் தாழ்த்தினேன். கடைசியில் மெல்ல மெல்லக் கழுத்து தெரிந்தது. அதன் இடப்பக்கம் ஒரு கட்டி. டாக்டரம்மா மூச்சை விட்டார். "இவங்களுக்கு நாளைக்கு மருந்து ஆரம்பிக்குது. ஆரம்பிச்சதுக்கப்புறம் இந்தப் படத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது" என்றார்.

எல்லா வட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்தார். "நல்லது வந்தா கொண்டு வாங்க. உங்க கையாலயே கொண்டு வரணும். வேற யார் கொண்டு வந்தாலும் வாங்க மாட்டேன்."

மறுநாள் பையை 'அவசர'த்தின் மேஜையில் கொட்டினேன். அவர் வெளிறிப் போய், கதவைச் சாத்திவிட்டு, "நீங்களா வேலையை விட்டுடறீங்களா, இல்ல நான் எடுக்கட்டுமா?" என்றார்.

"நீங்களே எடுங்க சார். விடற பழக்கம் எனக்கு இல்ல" என்றேன்.

எடுத்துவிட்டார். வட்டு வேலையையே மூடிவிட்டு வேறு ஏதோ செய்யப் போகிறார்களாம். உன் புதுக் கலவையில் ஒரு வட்டுகூடப் பூச முடியவில்லை. அது ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். வீட்டைக் கழுவிக் கழுவித் தரை தேய்ந்துவிட்டது.

அண்ணி


9.6.1988

அண்ணி,

தரையை விடுங்கள். பெட்டியைக் கட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே துறைத் தலைவரிடம் போனேன். "படலத்துக்கு நீங்க இருக்கீங்களே, இன்னொருத்தர் எதுக்கு?" என்றார். "சார், என் படலத்தைத் தனியாப் பூசினா அது வெறும் கறை. ரெண்டு பக்கமும் அவங்க அடுக்கு இருந்தாத்தான் அது வட்டு" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "இங்கயே உக்காந்திருக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். இது யாரிடம் கற்றது என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒப்புக்கொண்டார். உங்கள் டாக்டரம்மாவும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்கச் சம்மதமாம், ஒவ்வொரு படத்தையும் பிலிமிலும் எடுத்துக்கொண்டே.

எந்திரம் கிழம்தான் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். பம்பை நீங்கள் வந்து ஒரு வழி பண்ணுங்கள். எனக்கு அதனோடு பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணனை எப்படிப் பிரிப்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அவரிடம் நீங்களே கேளுங்கள். எனக்குத் தைரியமில்லை.

வாருங்கள், அண்ணி. உங்களிடம் ஒரு வாரம் கேட்கவில்லை. எவ்வளவு நாளாகுமோ அவ்வளவும் கேட்கிறேன்.

சின்னவள்


14.6.1988

கேட்டேன். "பல்லு எல்லா ஊர்லயும் இருக்கு" என்றார். இருவரும் வருகிறோம்.

அண்ணி


24.8.1989

சின்னவளே,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவது விசித்திரமாக இருக்கிறது. ஆனால் நான் திரும்பி வர நாலு நாள் ஆகும். அதுவரை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மாவிடம் தாள் வாங்கி எழுதுகிறேன்.

நம் வட்டுகள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். போன வருடம் நாம் கையால் கொண்டுவந்து கொடுத்த முதல் பெட்டியிலிருந்து போன மாதம் அனுப்பியதுவரை. எழுத்து எங்கேயும் மங்கவில்லை. எண்கள் முழுக்க அடுத்த தாளில். நீ முதலில் அதைத்தான் பார்ப்பாய் என்று தெரியும், பார்த்துவிட்டு இதற்கு வா.

இன்று காலை நான் எந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது ஒரு பெண் வந்தாள். கணவர் குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாராம், அதற்காக அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவரும் கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்கேன் முடிந்து அவள் வெளியே போனதும், டாக்டரம்மா நம் வட்டிலிருந்து அவளுடைய பழைய படத்தை எடுத்துப் புதுப் படத்துக்குப் பக்கத்தில் போட்டார். பழையதில் ஈரலில் மூன்று கட்டி. ஓரம்கூடப் பிசகாமல், மயிரிழை வரைக்கும் தெரிந்தது. புதியதில் நான் தேடிக்கொண்டே இருந்தேன். "எங்க டாக்டர்?" என்றேன்.

"அதான் இல்லையே!" என்றார். "கொஞ்சம் மங்கலா இருந்திருந்தாக்கூட இவ்வளவு உறுதியா நான் சொல்லியிருக்க மாட்டேன். இவங்க இனிமே இங்க வர வேண்டாம்."

அவரே வெளியே போய்ச் சொன்னார். கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பெண் கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா உள்ளே வந்து, பழைய படத்தின் நகல் பிலிமில் பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "வட்டுல இந்தப் பழைய படம் இனிமே தேவையில்ல. அடுத்த ஆளுக்கு இடம் வேணும். நீங்களே அழிங்களேன்" என்றார்.

இத்தனை நாளும் எழுதியது போய்விடக் கூடாது என்றுதானே இரண்டு பேரும் சாகாத குறையாக நின்றோம். இப்போது போகட்டும் என்று ஒருவர் சொல்கிறார், அதைவிட நல்ல செய்தி அந்தக் கட்டடத்தில் இன்றைக்கு இல்லை. அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தினேன்.

பக்கத்து அறையிலிருந்த ஒரு கிழவரின் படத்தை அதே இடத்தில் எழுதினோம். அதைத் திரையில் போட்டு, உன் பயத்தை நினைத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன். போதும் விடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லும்வரை தேடினேன்.

நிழல்கூட இல்லை, சின்னவளே. சுத்தமாக அழிந்துவிட்டது.

அண்ணி